மூக்கில் ஈயம் ஏற ஏற மோசமான கிளைடர்: கணவாய்க் காற்றில் ஒரு பறக்கும் இறக்கை

பின்னணி

கோவையில் சின்னதாக லேத் பட்டறை நடத்தும் ஒருவரும், பொறியியல் படிக்கும் அவருடைய அக்கா மகனும் சேர்ந்து கட்டிய ரேடியோ கன்ட்ரோல் கிளைடர் பற்றிய பதிவு இது. மோட்டார் கிடையாது. சரிவில் மோதி மேலே எழும் காற்றை மட்டும் நம்பிப் பறக்கும் வகை, ஸ்லோப் சோரிங் என்பார்கள். நான் இவர்களோடு கரட்டுக்குப் போய்வந்தவன், சரிசெய்யும் வேலையிலும் கூட இருந்தேன். இதில் வந்த கோளாறு வெளியே ஒரு மாதிரி தெரிந்தது, உள்ளே வேறாக இருந்தது. வெளியே தெரிந்ததை நம்பிச் செய்த திருத்தம் ஒவ்வொன்றும் கோளாறைக் கூட்டியது. வாலில்லாத மாடல் கட்டுகிற எவருக்கும் இது நேரலாம் என்பதால் முழுசாகவே எழுதிவைக்கிறேன்.

இடத்தைப் பற்றிக் கொஞ்சம். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் நடுவே ஏறத்தாழ 30 கி.மீ. அகலத்தில் திறந்து கிடக்கிறது பாலக்காட்டுக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று அந்த வழியாகப் பீறிட்டு வரும். பல்லடம், உடுமலைப் பக்கமெல்லாம் காற்றாலைக் காத்தாடிகள் நிறைந்திருப்பதற்குக் காரணம் இதுதான். மேற்குத் தொடர்ச்சி மலையின் கிழக்கு அடிவாரம் பெரும்பாலும் காற்றுமறைவு, அங்கே ஸ்லோப் சோரிங் நடக்காது. ஆனால் கணவாய்க்கு நேர் எதிரே சமவெளியில் தனியாக நிற்கும் கரடுகளின் மேற்குச் சரிவில் காற்று நேராக வந்து மோதும். 20 டிகிரி சரிவில் மணிக்கு 32 கி.மீ. காற்று, அதாவது நொடிக்கு 9 மீட்டர், மோதினால் சரிவை ஒட்டி நொடிக்குச் சுமார் 3 மீட்டர் மேல்நோக்கிய வேகம் கிடைக்கும். சாதாரண நுரை கிளைடர் நொடிக்கு ஒரு மீட்டர் அளவில்தான் இறங்கும். ஆக, தாராளமாக மிதக்கலாம்.

உடுமலைப் பக்கம் காத்தாடிகளிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கும் ஒரு கரட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். சூலூரில் விமானப்படைத் தளம், கோவையில் விமான நிலையம் இருப்பதால் ட்ரோன் பறக்கவிடும் பகுதிகளைக் காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அந்த இடம் பச்சை மண்டலம்தானா என்று பார்த்து, 400 அடிக்குக் கீழேயே பறப்பது என்று முடிவு செய்த பிறகுதான் வேலை தொடங்கியது.

கட்டிய விதம்

கரடு முழுக்கக் கல், நடுநடுவே வேலிகாத்தான் முள். பால்சா மரத்தில் அழகாகக் கட்டினால் முதல் இறக்கத்திலேயே சுள்ளியாகிவிடும். அதனால் மோதினாலும் எளிதில் உடையாத இ.பி.பி. நுரையில் வாலில்லாத பறக்கும் இறக்கை. முனைக்கு முனை 1200 மி.மீ., நடு அகலம் 280, முனை அகலம் 180, முனை பின்னோக்கி 300 மி.மீ. தள்ளியிருக்கும். இறக்கைக் குறுக்குவெட்டு மார்ட்டின் ஹெப்பெர்லே வடிவமைத்த எம்.எச். 45. வாலில்லாத மாடல்களுக்கென்றே வந்த வடிவம், தடிமன் அகலத்தில் பத்தில் ஒரு பங்குதான்.

நுரையைச் சூடான கம்பியால் வெட்ட, சன்மைக்காவில் வெட்டிய அச்சு, நிக்ரோம் கம்பி, பட்டறையில் கிடந்த பவர் சப்ளை. பட்டறைக்காரருக்குக் கை சுத்தம், வெட்டு கண்ணாடி மாதிரி வந்தது. நடுவில் கார்பன் குழாய், மேலே வண்ணப் பேக்கிங் டேப், பின்விளிம்பில் எலிவான் எனும் அசையும் பால்சாத் தகடு இரண்டு. வாலில்லாததால் இந்த எலிவான்கள்தான் ஏற்ற இறக்கத்தையும் சாய்வையும் சேர்த்துச் செய்ய வேண்டும். நேராகப் பறக்கவே அவை எப்போதும் கொஞ்சம் மேலே தூக்கி நிற்க வேண்டும். அதைத்தான் ரிஃப்ளெக்ஸ் என்கிறோம். இந்தப் பதிவில் அடிக்கடி வரும்.

எலிவானை அசைக்கும் சின்ன இயந்திரங்களான சர்வோ இரண்டும் நடுப்பகுதிக்குப் பக்கத்தில் கீழ்ப்புறம். அங்கிருந்து 1 மி.மீ. எஃகுக் கம்பி 200 மி.மீ. நீளத்துக்கு எந்தத் தாங்கலும் இல்லாமல் போய் எலிவானின் அடிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் ஹார்ன் என்ற சின்ன நெம்புகோலைப் பிடிக்கும். இந்த ஒரு வரியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

சி.ஜி., அதாவது எடைமையத்தின் கணக்கை அக்கா மகன் போட்டான். சராசரி அகலம் 234 மி.மீ., அதன் கால்பங்குப் புள்ளி மூக்கிலிருந்து 197. அதற்கு எவ்வளவு முன்னால் எடைமையம் இருக்கிறதோ அவ்வளவு நிலைத்தன்மை. பாதுகாப்பாக 178-இல் வைத்தான், சராசரி அகலத்தில் 8 சதவீதம் போல முன்னால். மொத்த எடை 610 கிராம். கணக்கில் ஒரு பிழையும் இல்லை.

முதல் பறப்புகளில் கண்டது

கையை விட்டதும் மாடல் எழுந்து சரிவின் மேல் நின்றது. மெதுவாகப் போகிற வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. வேகம் பிடித்தால்தான் வினை. மூக்கு லேசாகக் கவிழும், கவிழ்ந்ததும் வேகம் கூடும், கூடியதும் இன்னும் கவிழும். கையிலிருக்கும் டிரான்ஸ்மிட்டரின் குச்சியைப் பின்னால் இழுத்தாலும் உடனே கேட்காது. ஒரு கணம் யோசித்துவிட்டு வருவதுபோல வரும்.

பட்டறைக்காரர் காற்றைத்தான் சந்தேகப்பட்டார். கணவாய்க் காற்று முரடு, மதியத்துக்கு மேல் வெயிலும் சேர்ந்தால் குதிக்கும் என்பது உண்மைதான். ஆனால் காலையில் சீரான காற்றிலும் இதே கதை. "காத்து மேல பழி போடாதீங்க மாமா, மெதுவா போறப்ப நல்லாத்தானே மிதக்குது" என்றான் பையன்.

சரி, வழக்கமான சோதனையைச் செய்தோம். உயரத்தில் மூக்கைச் சாய்த்துப் பாய விட்டு, குச்சியை விட்டுவிட வேண்டும். தானாக வேகமாக நிமிர்ந்தால் மூக்கு கனம், அப்படியே போனால் கிட்டத்தட்ட சரி, இன்னும் உள்ளே கவிழ்ந்தால் பின்பக்கம் கனம். கிளைடர் பறக்கவிடுகிற எல்லோருக்கும் தெரிந்த சோதனை. இந்த மாடல் உள்ளே கவிழ்ந்தது, ஒவ்வொரு முறையும்.

ஈயம் சேர்க்கும் முடிவு

பின்பக்கம் கனம் என்று சோதனை சொன்னால் மூக்கில் எடை போட வேண்டும். 20 கிராம் ஈயம் போட்டார்கள். மூக்கு கனத்ததால் நேராகப் பறக்க ரிஃப்ளெக்ஸ் கூட்ட வேண்டியிருந்தது, ட்ரிம்மில் (குச்சியைத் தொடாதபோது எலிவான் நிற்கும் நிலை) எலிவானை இன்னும் தூக்கினார்கள். கவிழ்வது நிற்கவில்லை. இன்னொரு 20 கிராம். சி.ஜி. 168-க்கு வந்துவிட்டது, எலிவான் 6 மி.மீ. மேலே நின்றது. இப்போது முன்னைவிடக் குறைந்த வேகத்திலேயே கவிழ ஆரம்பித்தது.

அந்த நேரத்தில் கையில் இருந்த தகவலை வைத்துப் பார்த்தால் இந்த முடிவைக் குற்றம் சொல்ல முடியாது. சோதனை தெளிவாக ஒரு பதிலைச் சொன்னது, அதன்படி நடந்தார்கள். ஆனால் 20 கிராம் போட்டும் துளிக்கூட முன்னேற்றம் இல்லாதபோது, இரண்டாவது 20 கிராமுக்கு முன்னால் நின்று யோசித்திருக்கலாம் என்பது என் கருத்து. மருந்து சரியானதாக இருந்தால் கொஞ்சமாவது கேட்டிருக்க வேண்டும்.

கடைசியில் ஒரு பாய்ச்சலில் நிமிரவே இல்லை. நேராகச் சரிவில் போய்க் குத்தியது. இ.பி.பி. என்பதால் மூக்கு பிளந்ததோடு சரி, ஒரு சர்வோவின் பல்சக்கரம் மட்டும் மொட்டையாகிவிட்டது. கீழே மனிதரோ ஆடுமாடோ இல்லாத சரிவாகப் பார்த்து நின்றிருந்தோம். 600 கிராம் பொருள் அந்த வேகத்தில் ஒருவர் மேல் விழுந்தால் என்ன ஆகும் என்பதை எப்போதும் மனதில் வைத்துக்கொண்டே இடம் பார்க்க வேண்டும்.

ஒத்துப்போகாத இரண்டு சாட்சிகள்

பட்டறையில் மூக்கை ஒட்டிக்கொண்டிருக்கும்போது பையன் ஒரு கேள்வி கேட்டான். உண்மையிலேயே பின்பக்கம் கனமாக இருந்தால் மெதுவாகப் பறக்கும்போது மாடல் துள்ளத்தானே வேண்டும், குச்சியைத் தொட்டாலே மூக்கு மேலும் கீழும் ஆடத்தானே வேண்டும்? இது அதற்கு நேர்மாறாக மந்தமாக இருக்கிறதே. அதோடு எலிவான் 6 மி.மீ. தூக்கி நிற்கிறது. அவ்வளவு தூக்கினால்தான் மட்டமாகப் போகிறது என்றால் அது மூக்கு கனத்த மாடலின் அடையாளம்.

மெதுவாகப் போகையில் மூக்கு கனம், வேகமாகப் போகையில் பின்பக்கம் கனம். எடைமையம் பறக்கும்போது இடம் மாறாது. அப்படியானால் வேகத்தோடு மாறுகிற வேறு ஏதோ ஒன்று இருக்க வேண்டும். என்னைப் பொறுத்தவரை இந்த முழு நிகழ்விலும் முக்கியமான இடம் இந்தக் கேள்விதான். கணக்குப் போட்ட கையே கணக்கையும் சோதனையையும் பக்கத்தில் வைத்து ஒத்துப்பார்த்தது.

பட்டறை மேசையில் அளந்தது

காற்றின் அழுத்தம் வேகத்தின் இருமடிப்படி கூடும். மணிக்கு 40 கி.மீ.இலிருந்து 80 ஆனால் எலிவான் மேல் விழும் சுமை நான்கு மடங்கு. அந்தச் சுமையில் எலிவான் விட்டுக்கொடுக்கிறதா என்று பார்ப்பது என முடிவானது.

இறக்கையைச் சர்ஃபேஸ் பிளேட் எனும் துல்லியமான மட்டத் தட்டின் மேல் கவ்விப் பிடித்து, டிரான்ஸ்மிட்டரையும் ரிசீவரையும் போட்டு, குச்சியை நடுவில் விட்டார்கள். பட்டறைக்காரர் பழக்கத்தில் டயல் கேஜை எடுத்தார். எடுத்த கையோடு அவரே வைத்துவிட்டார், அதன் ஸ்பிரிங்கே எலிவானை அமுக்கிவிடும் என்று. ஹைட் கேஜ் வைத்துப் பின்விளிம்பின் உயரத்தைக் குறித்துக்கொண்டு, விளிம்பின் நடுவில் 50 கிராம் எடைக்கல் ஒன்றை வைத்தார். பின்விளிம்பு 3 மி.மீ. இறங்கியது. பறக்கும்போது வைத்திருந்த 6 மி.மீ. ரிஃப்ளெக்ஸில் பாதி ஒரு சின்ன எடைக்கல்லுக்கே போய்விட்டது. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் கம்பி வில்லாக வளைந்திருப்பது கண்ணுக்கே தெரிந்தது, கல்லை எடுத்ததும் நேரானது.

இன்னொன்றும் தெரிந்தது. இறக்கை முனையைக் கையில் பிடித்து முறுக்கினால் நுரை தாராளமாக முறுக்கிக்கொண்டது. பேக்கிங் டேப் முறுக்கத்தைத் தாங்கவில்லை. எலிவான் பின்விளிம்பை அமுக்கும்போது இறக்கை முனையின் முன்விளிம்பு தூக்கிக்கொள்ளும். பின்னோக்கிச் சாய்ந்த இறக்கையில் முனை எடைமையத்துக்குப் பின்னால் இருப்பதால், அங்கே தூக்குவிசை கூடினால் மூக்கு இறங்கும். ஆக, கம்பி வளைவதும் இறக்கை முறுக்குவதும் ஒரே திசையில் கூட்டுச் சேர்ந்து மூக்கைக் கவிழ்த்தன.

இப்போது ஈயம் ஏன் நிலைமையைக் கெடுத்தது என்பது விளங்கியது. மூக்கு கனத்தால் ரிஃப்ளெக்ஸ் கூட வேண்டும், கூடினால் எலிவான் மேல் சுமை கூடும், சுமை கூடினால் கம்பி இன்னும் வளையும். பாய்ச்சல் சோதனை, மாடல் விறைப்பாக இருக்கிறது என்ற நம்பிக்கையில்தான் பதில் சொல்கிறது. மாடல் விட்டுக்கொடுக்கும் என்றால் அந்தப் பதிலுக்கு மதிப்பில்லை. நுரை மாடல்களில் இந்தச் சோதனையை அளவுக்கு மீறி நம்புகிறோம் என்றே நினைக்கிறேன்.

செய்த மாற்றங்கள்

முதலில் கம்பி. தடித்த கம்பி போட்டால் போதும் என்பது என் யோசனையாக இருந்தது. பட்டறைக்காரர் அதைவிட நல்ல வழி சொன்னார். ஹார்ன் அடிப்பக்கம் இருப்பதால் காற்று எலிவானை அமுக்கும்போது கம்பி நெருக்கப்படுகிறது, மெல்லிய கம்பியை நெருக்கினால் வளையத்தான் செய்யும். ஹார்னை மேல்பக்கம் மாற்றினால் அதே சுமையில் கம்பி இழுபடும். இழுபடுகிற கம்பி வளையாது. சர்வோக்களை மேல்பக்கம் திருப்பி 100 மி.மீ. பின்னால் தள்ளினார்கள், கம்பி நீளம் பாதிக்குப் பாதி குறைந்தது. கம்பியும் 1.5 மி.மீ. ஆனது. கல்லில் இறங்கும்போது ஹார்ன் மாட்டி உடையும் தொல்லையும் இதோடு போனது. ஹார்னைச் சர்க்யூட் போர்டுத் தகட்டில் அவரே வெட்டி, பால்சாவின் இரண்டு பக்கமும் பிளைவுட் துண்டு வைத்துத் திருகினார்.

அடுத்தது இறக்கை. பேக்கிங் டேப்பை உரித்துவிட்டு, மேலும் கீழும் நைலான் இழை டேப்பைக் குறுக்கும் மறுக்குமாகப் பெருக்கல் குறிபோல ஒட்டி, அதன் மேல் தடித்த லேமினேஷன் ஃபிலிமை இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தார்கள். தேய்க்கும்போது இறக்கை, அதை வெட்டி எடுத்த நுரைப் படுக்கையிலேயே கிடக்க வேண்டும். வெறும் மேசையில் வைத்துத் தேய்த்தால் ஃபிலிம் சுருங்கி இறக்கையை முறுக்கிவிடும், அந்த முறுக்கு அப்புறம் போகாது. முடித்ததும் இரண்டு முனையையும் சர்ஃபேஸ் பிளேட்டில் ஒப்பிட்டார்கள். ஒரு மி.மீ.க்குள் வரும்வரை மறுபடி சூடாக்கி நேராக்கினார்கள்.

அதே 50 கிராம் எடைக்கல் வைத்தபோது பின்விளிம்பு அரை மி.மீ.கூட இறங்கவில்லை.

ஈயத்தை எடுக்காமல் பறக்கவிட்டது

இங்கே ஒரு சின்ன வாக்குவாதம். சர்வோ பின்னால் போனதால் சி.ஜி. தானாக 3 மி.மீ. பின்னால் வந்திருந்தது. ஈயத்தையும் சேர்த்து எடுத்துவிட்டுப் புதிதாகத் தொடங்கலாம் என்றார் பட்டறைக்காரர். பையன் ஒப்புக்கொள்ளவில்லை. "எல்லாத்தையும் ஒண்ணா மாத்திட்டா எது வேலை செஞ்சுதுன்னு எப்படி மாமா தெரியும்?" "சரி மாப்ள, உன் இஷ்டம், மறுபடி மூக்கு பிளந்தா நீதான் ஒட்டோணும்."

பேட்டரியை முன்னால் தள்ளி, சி.ஜி.யை மறுபடி அதே 168-க்குக் கொண்டுவந்து பறக்கவிட்டார்கள். காலை வெயில் ஏறும் முன், மணிக்கு 25 கி.மீ. அளவில் சீரான காற்று. உயரம் வந்ததும் மூக்கைச் சாய்த்துக் குச்சியை விட்டான். மாடல் கவிழவில்லை. விட்ட மாத்திரத்தில் நிமிர்ந்து, செங்குத்தாக ஏறி, முழு வட்டமே அடிக்கப் பார்த்தது. ஒரு கிராம் ஈயம்கூட மாற்றாமல் அதே சோதனைக்கு நேர் எதிர்ப் பதில். மூக்கு கனம் என்ற உண்மை அன்றைக்குத்தான் வெளியே வந்தது.

அதற்குப் பிறகு நடந்தது பொறுமையான வேலை. ஒரு நேரத்தில் 10 கிராம் ஈயம் எடுத்தால் சி.ஜி. சுமார் 2.5 மி.மீ. பின்னால் போகும். எடுப்பது, ஈயம் தீர்ந்த பிறகு பேட்டரியைப் பின்னால் நகர்த்துவது, பறப்பது, ட்ரிம்மைக் குறைப்பது, மட்டமாகப் பறக்கும்போது எலிவான் எத்தனை மி.மீ. நிற்கிறது என்று இறங்கியதும் அளந்து நோட்டில் எழுதுவது. 187-இல் மாடல் பதற ஆரம்பித்தது, கை சற்று நடுங்கினாலும் மூக்கு ஆடியது. அதனால் 184-இல் நிறுத்தினார்கள், சராசரி அகலத்தில் 6 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. ரிஃப்ளெக்ஸ் 2.5 மி.மீ.க்கு இறங்கிவிட்டது. எலிவான் அசைவு சாய்வுக்கு 10 மி.மீ., ஏற்ற இறக்கத்துக்கு 6 மி.மீ., குச்சியின் நடுப்பகுதி அசைவை மென்மையாக்கும் எக்ஸ்போ 30 சதவீதம். பாய்ச்சலில் குச்சியை விட்டால் இப்போது மெல்ல, நீண்ட வளைவாக நிமிர்கிறது.

விளைவு

பிரேக் போல நின்ற 6 மி.மீ. எலிவான் போனதே பெரிய வித்தியாசம். முன்பு கரட்டின் ஒரு முனைக்குப் போய்த் திரும்பி வருவதற்குள் உயரம் கரைந்துவிடும், இப்போது திரும்பும்போதும் உயரம் கூடுகிறது. காற்று பலமாக இருக்கும் நாளில் சரியாக சி.ஜி. புள்ளியில் 200 கிராம் பாலஸ்ட், அதாவது வேகத்துக்கான கூடுதல் எடை, வைக்கிறார்கள். எடை மூன்றில் ஒரு பங்கு கூடினால் பறக்கும் வேகம் ஏறத்தாழ 15 சதவீதம் கூடும், எதிர்க்காற்றைக் கிழித்துக்கொண்டு முன்னேற அது போதும். எடையை மூக்கிலோ பின்னாலோ வைத்துவிட்டு மாடல் கெட்டுப்போச்சு என்று சொல்பவர்களை நிறையப் பார்க்கிறேன். பாலஸ்டுக்கும் சமன் செய்யும் ஈயத்துக்கும் வேலை வேறு.

இறக்கம் மட்டும் இன்னும் சிரமம்தான். கரட்டின் உச்சிக்குப் பின்னால் காற்று சுருண்டு கீழே அமுக்கும், அங்கே தாழ்வாகப் போனால் எந்த மாடலானாலும் விழும். விளிம்பிலேயே நின்று, மேற்குச் சரிவில் கொஞ்சம் கீழே இறக்கிவிட்டு, சரிவை ஒட்டி மேலேறி வரும்போது புல்லில் படுக்க வைப்பது என்று பழகிக்கொண்டார்கள்.

அடுத்த முறை மாறுவது

இரண்டாவது இறக்கைக்கு நுரை வெட்டியாகிவிட்டது. அதில் சர்வோ முதலிலிருந்தே மேல்பக்கம், எலிவானுக்குப் பக்கத்தில். மாடல் கரட்டுக்குப் போகும் முன் எடைக்கல் சோதனை பட்டறையிலேயே முடிய வேண்டும், ஒரு மி.மீ.க்கு மேல் இறங்கினால் பறக்கவிடக்கூடாது என்று வைத்திருக்கிறார்கள். சி.ஜி. எண்ணோடு ட்ரிம்மில் எலிவான் நிற்கும் அளவையும் முதல் நாளிலிருந்தே எழுதுவது இன்னொன்று. அந்த அளவு முதலிலேயே நோட்டில் இருந்திருந்தால், முதல் 20 கிராமிலேயே முரண்பாடு கண்ணில் பட்டிருக்கும்.

தீராத விஷயமும் ஒன்று உண்டு. மதிய வெயிலில் காருக்குள் கிடந்தால் ஃபிலிம் தளர்ந்து இடது முனை லேசாக முறுக்கிக்கொள்கிறது, மாடல் வேகத்தில் இடப்பக்கம் சாய்கிறது. தற்போதைக்கு இறக்கையை வெள்ளைத் துணி உறையில் வைத்து நிழலில் எடுத்துப் போகிறார்கள், பறக்கும் முன் இரண்டு முனையையும் கண்ணால் ஒட்டிப் பார்க்கிறார்கள். புதிய இறக்கையில் இரண்டாவது கார்பன் குழாய் ஒன்றை எலிவானுக்கு முன்னால் வைத்துப் பார்க்கப் போகிறார்கள். வெயிலுக்கு அது ஈடு கொடுக்கிறதா என்பது வரும் ஜூன் காற்றில்தான் தெரியும்.